பிக்காச்சு என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

வணக்கம். ‘பிக்கா’ என்ற மலை விலங்கிலிருந்துதான் ‘போக்கிமான்’ வீடியோ விளையாட்டுப் பாத்திரமான பிக்காச்சுவின் பெயர் வந்தது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார், கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த விலங்கை விட்டுவிடுங்கள். இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு.

ஜப்பானிய மொழியில் ‘பிக்கா’ என்பது பளிச்சென்று மின்னுவதைக் குறிக்கும் ஒலிக்குறிப்பு. ‘சூ’ என்பது எலியின் கீச்சொலி. நம் ‘பளபள’, ‘கீச்கீச்’ மாதிரிதான். பெயரைச் சொன்னாலே மின்னலும் எலியும் வந்துவிடுகின்றன, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்! நண்பர் சொல்லும் விலங்கு முயல் இனம். ஜப்பானில் அதை ‘நகி உசாகி’, அதாவது கத்தும் முயல் என்பார்கள். அங்கே ‘பிக்கா’ என்றதும் அந்த விலங்கு நினைவுக்கு வராது.

சரி, உருவத்துக்கு வருவோம். விளையாட்டில் ‘எலி போக்கிமான்’ என்றே வகைப்படுத்தியிருந்தாலும், அதை வரைந்த அட்சுகோ நிஷிடா மனத்தில் வைத்திருந்தது அணிலைத்தான். அணில் கன்னத்தில் தீனியை அடக்கிக்கொள்வதுபோல, இது கன்னத்தில் மின்சாரத்தைச் சேமிக்கிறது. கன்னத்தில் இருக்கும் சிவப்பு வட்டங்கள் வெறும் அலங்காரம் இல்லை. கட்டுரையில் இதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள். முதல் போக்கிமான் விளையாட்டு ஜப்பானில் வெளியான ஆண்டு 1996, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.