இத்தனை வண்ணம் இருக்கும்போது கறுப்பு வெள்ளை எதற்கு?

கோலாலம்பூர் அருகே இருக்கும் பத்துமலை முருகன் கோயிலின் படிகளும், கோயில் கோபுரங்களும் வண்ணமயமாக இருக்கும்போது அவற்றை ஏன் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒளியைப் பார்ப்பதற்காகத்தான். வண்ணம் கண்ணை முந்திப் பிடித்துக்கொள்கிறது. சுதையின் நெளிவும் தூணின் திரட்சியும் பின்தங்கிவிடுகின்றன. 2018இல் 272 படிகளுக்கும் வண்ணம் பூசிய பிறகு பத்துமலைப் படங்களில் பெரும்பாலும் படிகள்தான் தெரிகின்றன, மலை தெரிவதில்லை. மேலே ஏறி உள்குகைக்குப் போங்கள். கூரை திறந்த இடத்தில், நண்பகலை ஒட்டி, வெயில் நேராக இறங்கும். கற்பூரப் புகை இருந்தால் ஒளி தூணாகவே நிற்கும். அந்த வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வையுங்கள், பாறை இருளட்டும். நிழலை ஓரளவு மீட்கலாம்; வெளுத்துப்போனதை மீட்க வழியே இல்லை.

எந்த வண்ணம் எந்தச் சாம்பலாக மாறுகிறது என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜமெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல். செங்கல்லும் வெள்ளைச் சாந்தும் பட்டை பட்டையாக ஓடும். லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் (வண்ணக் கண்ணாடி) போட்டால் நீலவானம் கறுத்து மினாராக்கள் எடுப்பாகத் தெரியும் என்பது பழைய பாடம். இங்கே அது பொருந்தாது. செங்கல்லும் சிவப்பு என்பதால் வெளுத்து, வெள்ளைப் பட்டையோடு கலந்துவிடும். பச்சை ஃபில்டர் போடுங்கள், அல்லது கணினியில் சிவப்பை இருட்டாக்குங்கள். பட்டைகள் பிரிந்து நிற்கும். நீலத்தையும் குறைத்து வானத்தைக் கறுப்பாக்கலாம்தான். எனக்கு அது பிடிப்பதில்லை: கட்டடம் பேச வேண்டிய இடத்தில் வானம் கத்துகிறது.

தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம் இன்னும் கடினம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கேதான் இருக்கிறது. வெயில் சட்டென்று உச்சிக்கு ஏறிவிடும். அப்போது சிற்பங்களின் கண்குழிகளில் நிழல் தேங்கி முகபாவமே போய்விடுகிறது. சாய்வெயில் தவறினால், மழைக்கு முந்தைய மேகமூட்டத்துக்குக் காத்திருங்கள். வண்ணத்தின் கீழிருந்த ஸ்தபதியின் கைவேலை அந்த மெல்லிய ஒளியில் துலங்கும்.

உள்ளே எடுப்பதானால் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பூசை நேரத்தில் முக்காலியை விரிக்காதீர்கள், கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.