பென்னலாங் கைமாறியதற்குக் குடியேற்றம் மட்டுமா காரணம்?

வணக்கம். மகளின் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள்: ஆஸ்திரேலியாவில் சிட்னியின் பென்னலாங் நாடாளுமன்றத் தொகுதி 58 ஆண்டுகள் லிபரல் கட்சியின் கோட்டையாக இருந்து 2007இல் விழுந்ததற்குச் சீனர் குடியேற்றம்தானே காரணம் என்று.

அது பாதிதான். தொகுதிக்குள் இருக்கும் ஈஸ்ட்வுட் பக்கம் சீன, கொரிய வம்சாவளியினர் பெருகியது உண்மை. 1974 முதல் அங்கே வென்றுவந்த அப்போதைய லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்டே லேபர் கட்சியின் மாக்சின் மெக்கியூவிடம் தோற்றார். பதவியிலிருந்தபடி தொகுதியை இழந்த பிரதமர் அவருக்கு முன் 1929இல் ஸ்டான்லி புரூஸ் மட்டுமே. ஆனால் அந்த ஆண்டு நாடு முழுவதும் லேபர் அலை வீசியது, ஹோவர்டின் தொழிலாளர் சட்டமும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தது.

குடியேற்றமே எல்லாம் என்றால், 2010இல் ஜான் அலெக்சாண்டர் அதே தொகுதியை லிபரலுக்கு மீட்டது எப்படி? 2017 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். புலம்பெயர்ந்தோர் கட்சிக்கு எழுதிக்கொடுத்த வாக்கு வங்கி அல்லர். இதை மகள் கட்டாயம் எழுத வேண்டும்.

2022இல் லேபரின் ஜெரோம் லக்சேல் வென்றார். 2025க்கு முன் வட சிட்னி தொகுதி கலைக்கப்பட்டு, லேன் கோவ் பகுதி இங்கே சேர்ந்தது. ஆகவே பழைய வாக்குக் கணக்கையும் புதியதையும் நேராக ஒப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.