டீசல் ஒழுகினால் முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லாரி. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், பழைய மாதிரி பம்ப், எலெக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் கிடையாது. இன்ஜினுக்குக் கீழே எப்போதும் டீசல் ஈரம். கண்ணில் பட்ட நட்டையெல்லாம் இறுக்கிவிட்டேன், ஒழுகல் கூடியதுதான் மிச்சம். காலையில் ஸ்டார்ட் ஆகவும் ரொம்ப நேரம் பிடிக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

பதில்: இறுக்குவதை நிறுத்துவதிலிருந்து ஆரம்பியுங்கள். டீசல் கசியும் இடமும் சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. மேலே ஏதோ ஒரு நட்டில் கசிவது பைப் வழியாக வழிந்து, பம்ப் உடம்பில் இறங்கி, சம்பந்தமே இல்லாத ஒரு போல்ட் தலையில் வந்து சொட்டாகத் தொங்கும். நாம் அந்த போல்ட்டைப் போட்டு முறுக்கிக்கொண்டிருப்போம். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். இன்ஜின் ஆறியதும் பம்ப், ஃபில்டர், பைப் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் முகத்துக்குப் பூசும் பவுடரை இணைப்புகள் மேல் மெல்லிசாகத் தூவிவிட்டு இன்ஜினை ஓட விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் எந்த இடம் முதலில் நனைந்து சாம்பல் நிறமாகிறதோ அங்கேதான் வேலை.

பார்க்கும்போது கையை மட்டும் விடாதீர்கள். பெரிய பம்பிலிருந்து நாசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, போகும் இரும்புப் பைப்பில், பழைய இன்ஜினில்கூட 200 பாருக்கு மேல் அழுத்தம் வரும். மயிரிழை விரிசலில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் வீங்கி, சதை செத்து, விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் கழுவிவிட்டு வேலையைத் தொடரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி, அதுவும் டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் ஒரு நீள அட்டையைப் பிடித்தால் போதும், பீறிட்டால் அதில் ஈரம் விழும்.

காலை ஸ்டார்ட்டிங் பிரச்சினைக்கு லைனின் மறுபாதியைப் பாருங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை, அதாவது டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப் வரை, இருப்பது உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டியை நிறுத்தியதும் லைனில் நிற்கிற டீசல் ராத்திரியோடு ராத்திரியாக டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு கிடக்கும். டேங்க் நிறைய இருக்கும்போது தொல்லை இல்லை, பாதிக்குக் கீழே போனதும் ஆரம்பிக்கிறது என்றால் இதுதான். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிக் குழாயை, அதாவது உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாயை, சோதனைக்கு மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள்; குமிழி ஓடினால் ஓட்டை டேங்க் பக்கம். ஃபீட் பம்பின் உள் வால்வு தேய்ந்திருந்தால், வெளியே ஒழுகும் அதே ஓட்டை வழியாகவே நின்ற பிறகு காற்று புகவும் வாய்ப்பு உண்டு, ஆகவே இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாகவும் இருக்கலாம். என் சந்தேகம் முதலில் பேஞ்சோ போல்ட்டின் (பைப்பின் வளைய முனையைப் பிடித்து இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர்கள் மேல்தான். இறுக்க இறுக்க ஒழுகல் கூடுவது அவற்றின் குணம்.

கேள்வி: அந்த காப்பர் வாஷரையே திரும்பப் போடலாமா? மேலே டெஃப்லான் டேப் சுற்றினால் நிற்குமா?

பதில்: புது வாஷர்தான் சரி, அது பெரிய செலவும் இல்லை. கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால், பழையதைச் சிவக்கப் பழுக்க வைத்துத் தண்ணீரில் போடுங்கள். இரும்பைப் போல் இல்லாமல் செம்பு இதில் இளகிவிடும், மேலே படிந்த கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போடலாம். பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். டேப் கூடவே கூடாது. பேஞ்சோவில் அடைப்பது மறை இல்லை, வாஷர் உட்காரும் முகம். டேப் அங்கே ஒன்றும் செய்யாது, பிய்ந்த இழைதான் பம்புக்குள்ளும் நாசிலுக்குள்ளும் போய் உட்காரும்.

கேள்வி: சேஸிஸ் ஓரமாக வரும் பைப் உரசி உரசி ஓட்டையாகிவிட்டது. செம்புப் பைப் வளைக்க சுலபம் என்கிறார்கள். அல்லது வீட்டில் கிடக்கும் தண்ணீர் ஹோஸ்?

பதில்: இரண்டும் வேண்டாம். செம்பு வளைவதற்கு நல்லதுதான், ஆனால் இன்ஜின் அதிர்வில் நாளாக நாளாக இறுகிப்போய் நட்டு ஓரத்தில் விரிசல் விடும். போதாததற்கு டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசுபிசுப்பாவதற்கும் செம்பு துணை போகும். தண்ணீர் ஹோஸ் டீசலில் ஊறி உப்பி, உள்பக்கம் செதில் செதிலாகக் கழன்று ஃபில்டரை அடைக்கும். உறிஞ்சும் பக்கத்தில் போட்டால் உள் அடுக்கு மட்டும் ஒட்டிப்போய் டீசல் வராது, வெளியே தொட்டுப் பார்த்தால் புது ஹோஸ் மாதிரியே இருக்கும், கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். டீசலுக்கென்றே வரும் ஹோஸ் வாங்குங்கள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, இரண்டு முனையிலும் பிசிறை அரம் போட்டு எடுத்து, தூள் உள்ளே போகாமல் துடைத்து, ஹோஸை மாட்டி கிளாம்ப் போடலாம். முனையில் ஒரு சின்ன வரம்பு எழுப்பியிருந்தால் கழலாது. கிளாம்பை ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள், பட்டை ரப்பரையே அறுத்துவிடும். இது குறைந்த அழுத்த லைனுக்கு மட்டும்.

அப்புறம் பைப் ஏன் உரசியது என்று பாருங்கள். அதைப் பிடித்திருந்த கிளிப்பை யாரோ ஒருவர் கழற்றிவிட்டு மாட்டாமல் போயிருப்பார். அது திரும்ப வராவிட்டால் புதுப் பைப்பும் இதே இடத்தில் ஓட்டையாகும்.

கேள்வி: நாசில் பைப்பில் லேசான விரிசல். வெல்டிங் வைக்கலாமா?

பதில்: கூடாது. அதே நீளம், அதே உள்விட்டம் உள்ள பைப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த சிலிண்டருக்கு மட்டும் டீசல் விழும் நேரம் தவறும். இரண்டு முனை நட்டையும் முதலில் கையாலேயே முழுக்க ஏற்றிவிட்டு, கீழே பம்ப் பக்கம் இன்னொரு ஸ்பேனரால் அணைப்புப் பிடித்து இறுக்குங்கள்.

கேள்வி: சொட்டுச் சொட்டாகத்தானே வருகிறது, சோப்பை அப்பிக்கொண்டு லோடு இறக்கிவிட்டு வரலாமா?

பதில்: டேங்கின் தையலில் கசிந்தால் சோப்பு கொஞ்ச நேரம் தாங்கும், டீசலில் அது லேசில் கரையாது. அழுத்தம் உள்ள லைனில் நிற்காது. சொட்டு விழும் இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கோ டர்போவுக்கோ மேலே என்றால் வண்டியை அசைக்காதீர்கள். சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் டீசல் பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும், லோடு ஏற்றி மேடு ஏறும்போது மேனிஃபோல்டு அதைவிட எவ்வளவோ சூடாகும்.

கேள்வி: லைன் மாற்றியாகிவிட்டது. ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடுகிறது.

பதில்: லைனில் புகுந்த காற்றை நீங்கள் வெளியேற்றவில்லை. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள், முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாமல் டீசல் வரும், அடிப்பதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அப்படியே. அதற்கும் மசியாவிட்டால் நாசில் நட்டை ஒன்றொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி டீசல் வந்ததும் இறுக்குங்கள். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புது மாதிரி) வண்டிக்காரர்கள் இதைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும்.

கேள்வி: வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனால் டீசல் குறைகிறது, இன்ஜின் ஆயில் அளவு ஏறுகிறது.

பதில்: ஃபீட் பம்பு வழியாகவோ பெரிய பம்பின் முன் சீல் வழியாகவோ டீசல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தாங்காது, அளவு மிஞ்சினால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காமல் பம்பைக் கழற்றக் கொடுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.