குதிரை ஏன் நகரவில்லை?

வணக்கம்.

குதிரைகளோடு பழகி நம்மை நாமே அறிந்துகொள்ளும் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். சவாரி கிடையாது. தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்திச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களோடு நடந்த குதிரை என்னிடம் வந்ததும் நின்றுவிட்டது. “உங்களுக்குள் ஆறாத கோபம் இருக்கிறது, அதைத்தான் குதிரை காட்டுகிறது” என்றார் பயிற்றுநர். அதிலிருந்து மனசு சரியில்லை. நம் உள்மனம் குதிரைக்குத் தெரியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தெரியாது. உங்கள் உடல் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியும். ஏன் செய்கிறது என்று தெரியாது. ஆறாத கோபம் என்பது பயிற்றுநர் சொன்ன காரணம், குதிரை சொன்னதல்ல.

ஆனால் உடலைப் படிப்பதில் குதிரை நம்மைவிடக் கெட்டி. பெர்லினில் 1900களின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குகளுக்கு விடை சொல்லிப் பெயர் வாங்கியது. உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்து 1907-ல் முடிவுகளை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தவறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக நிமிரும். அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 2016-ல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோபமுகத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. ஓடித் தப்பியே பிழைத்துவந்த உயிரினம் அது, எதிரில் நிற்பவரின் உடல் இறுகுவதைக் கவனிக்காமல் இருக்காது.

சரி, உங்கள் குதிரை ஏன் நின்றது? நான் அங்கே இல்லை. ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் குதிரைக்கு நேர் எதிரே நின்று, அதன் கண்ணைப் பார்த்தபடி கயிற்றை இழுப்பார்கள். நெற்றிக்கு நேர் முன்னால் குதிரைக்குப் பார்வை எட்டாத பகுதி ஒன்று உண்டு. தவிர, இழுத்தால் எதிர்த்து இழுப்பது அதன் இயல்பு. 400, 500 கிலோ எடையோடு இழுபறி செய்து யாரும் ஜெயிக்க முடியாது. அல்லது அது களைத்திருக்கலாம். வரிசையாகப் பலரோடு நடந்த குதிரைக்கு, “போதும்” என்று நிற்க உரிமை இல்லையா?

மறுபடி வாய்ப்பு கிடைத்தால் அதன் தோள் அருகே நில்லுங்கள். போக வேண்டிய திசையைப் பாருங்கள். மூச்சை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள். கயிற்றில் சிறு அழுத்தம் போதும். குதிரை தன் எடையை ஒரு விரல் அளவு முன்னே சாய்த்தாலும் அந்தக் கணமே அழுத்தத்தை விட்டுவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அது நீங்கும் நொடியால். குதிரை பழக்குபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது.

உண்மையான மனப்பயிற்சி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடுவது கடினம். கேட்டது கிடைக்கத் தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் கேட்கத்தான் நமக்குக் கை வருகிறது. எதிரில் இருப்பவர் பாதி இணங்கிவிட்டார் என்பது கண்ணில் படுவதே இல்லை. பிள்ளையிடமும் துணையிடமும் கூட இப்படித்தான் பேசிக்கொண்டே போகிறோம். குதிரையிடம் அது செல்லாது. நீங்கள் விடவில்லை என்றால் அதுவும் தளராது. தோள் இறுகியிருப்பதை, மூச்சு நின்றிருப்பதை, பல்லைக் கடித்திருப்பதை வேறொருவர் சொல்லாமல் நீங்களே உணரப் பழகுவீர்கள். இதற்கு உங்கள் கடந்த காலத்தை யாரும் கிளற வேண்டியதில்லை. அப்படி ஆறாத கோபமோ துக்கமோ உண்மையிலேயே இருந்தால், தகுதியுள்ள மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அது லாயத்தில், அந்நியர்கள் முன்னால் அறிவிக்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.

இன்னொன்று. குதிரை காதைப் பின்னால் மடக்கி, வாலைச் சுழற்றி, வாயை இறுக்கி நிற்கும்போதும் பயிற்சியைத் தொடரும் இடத்தில் பிறர் உணர்வை மதிக்கக் கற்க முடியாது. அடுத்த பயிலரங்கில் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: விருப்பமில்லாவிட்டால் குதிரை விலகிப்போக அங்கே அனுமதி உண்டா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.