ரோபோ ஏன் நனைந்தது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ரோபோ என்றால் உயிர் என்பதால் ரோபோ கதைகளாகவே வாசிக்கக் கொடுக்கிறேன். தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள். ‘ரோபோவின் பெயர் என்ன?’ என்றால் உடனே பதில் வருகிறது. ‘ஏன் அப்படிச் செய்தது?’ என்றால் வகுப்பே முழிக்கிறது. கதை கடினமா, என்னுடைய முறை தவறா?

க.

அன்புள்ள க,

‘டிங்கு முடுவியைக் கிளப்பாவில் பொட்டியது’ என்று கரும்பலகையில் எழுதுங்கள். முடுவியை எதில் பொட்டியது? ‘கிளப்பாவில்’ என்று எல்லாருமே சொல்லிவிடுவார்கள். வரியில் இருப்பதை எடுத்துத் திருப்பித் தர எதுவும் புரிய வேண்டியதில்லை. ‘பெயர் என்ன’ கேள்வியும் இந்த ரகம்தான்.

ரோபோ கதையில் ஒரு வசதி உண்டு. ரோபோ சொன்னதை மட்டும் செய்யும். சொன்னவர் மனதில் இருந்தது அதற்குத் தெரியாது. கேள்வியை அங்கே வையுங்கள்.

“மழை வருது, குடைய எடுத்துட்டுப் போ” என்றாள் பாட்டி. ரோபோ குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது. சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியது. குடை மடித்தபடியே கையில் இருந்தது.

ஏன் நனைந்தது? ‘விரிக்கவில்லை’ என்று கதையில் எங்கும் இல்லை. குழந்தைதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதில் வந்ததும், எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டு அந்த வரியில் விரல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு, ‘பாட்டி எப்படிச் சொல்லியிருக்கணும்?’ இதற்கு வகுப்பே கத்தும்.

கதை பத்து வரிக்குள் போதும். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு அவர்கள். நடுவில் ஒரே இடத்தில் நிறுத்தி அடுத்து என்ன ஆகும் என்று கேட்கலாம். நாலு இடத்தில் நிறுத்தினால் கதை அறுந்துவிடும். படத்தை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் யாரும் வரியைப் பார்க்க மாட்டார்கள். சென்சார், சார்ஜர் மாதிரிச் சொற்களை முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், ‘அது’. “ரோபோ பந்தைப் பூனையிடம் உருட்டியது. அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.” எது போனது? அக்கா, தம்பி கதை என்றால் போனாள், போனான் என்று வினைமுற்றே காட்டிக்கொடுக்கும். இங்கே மூன்றுமே அஃறிணை. பிள்ளைகள் கதையைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் (கதை எழுதுகிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை). ஒவ்வொரு ‘அது’வுக்கு மேலும் எது என்று பென்சிலால் எழுதவையுங்கள்.

பதிலைப் பேச்சுத்தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். “குடைய விரிக்கவே இல்ல டீச்சர்” என்பதற்கு முழு மதிப்பெண். உடனே ‘விரிக்கவில்லை’ என்று திருத்தினால் அடுத்த முறை கை தூக்க யோசிப்பார்கள்.

இதற்குப் பிறகும் ஒரு பிள்ளை திணறினால், அதே போன்ற வேறொரு கதையை வாயால் சொல்லிக் கேளுங்கள். 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசித்துப் புரிதலை ஒரு பெருக்கலாக எழுதினார்கள்: எழுத்தை வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம், ஒன்று சுழியானால் விடையும் சுழி. காதால் கேட்டால் பதில் வருகிறதா? அப்படியானால் வாசிப்புப் பயிற்சி கொடுங்கள். கேட்டும் வரவில்லை என்றால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சில வாரம் கதை சொல்லிப் பேசவிடுங்கள்.