முழங்காலைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வயது 48. ஆறு வருடமாக முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். விரல் வலி அடங்கிவிட்டது. ஆனால் ஒரு மாதமாக வலது முழங்கால் வலிக்கிறது. நடக்கலாமா, ஓய்வெடுக்க வேண்டுமா? முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கமே வருகிறது.

பதில்: காலையில் எழுந்ததும் இரண்டு முழங்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சாதாரணமாக முழங்கால் மூட்டு, தொடையைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருக்கும். அது சூடாக இருந்து, வீக்கமும் தெரிந்து, விறைப்பு தளர ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் முடக்குவாதத்தின் அழற்சி மறுபடி தலைதூக்கியிருக்கிறது. சூடே இல்லாமல் படி இறங்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் மட்டும் வலித்தால், தேய்மானம் அல்லது தொடைத் தசையின் பலவீனம் என்று சந்தேகிக்கலாம்.

அழற்சி என்றால் இந்த வாரமே மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவை மாற்றவோ, மூட்டில் கோத்த நீரை எடுத்துவிட்டு உள்ளே ஸ்டீராய்டு ஊசி போடவோ வேண்டியிருக்கலாம். அதுவரை ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நீங்களாக வலிமாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகம் பாதித்தால் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும்.

தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். நீர் கோத்த மூட்டை மடக்கி வைத்தால் உள்ளழுத்தம் குறையும், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இரவெல்லாம் மடங்கியே கிடந்தால் பின்பக்கத் தசைநார்கள் சுருங்கி, கால் முழுதாக நீட்ட வராமல் போய்விடும். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வையுங்கள்.

நீர் கோத்தாலே தொடையின் முன்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது, வேகமாக மெலியும். அதனால் முழு ஓய்வு வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி 5 விநாடி நிறுத்துங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, தினம் மூன்று வேளை. மூட்டு அசையாததால் வீக்கம் உள்ள நாளிலும் செய்யலாம். சமதளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். நடந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கூடின வலி தணியவில்லை என்றால், மறுநாள் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. திடீரென ஒரு முழங்கால் மட்டும் சிவந்து கொதித்து, காலை ஊன்றவே முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் வராமலும் இருக்கலாம்.

கேள்வி: கைத்தடியை வலிக்கும் பக்கம்தானே பிடிக்க வேண்டும்?

பதில்: இல்லை, எதிர்க்கையில். வலது கால் வலித்தால் இடது கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்து ஊன்றுங்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் வழுக்கும், உடனே மாற்றிவிடுங்கள்.