பென்டிரைவைக் கழற்றியதும் படம் எங்கே போனது?

கேள்வி: நான் மொரீசியஸின் காத்ர் போர்ன் நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். தைப்பூசத்தன்று மலைக்கோவிலுக்குக் காவடி ஏறியதைக் கைபேசியில் முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, ஷாட்கட் என்னும் காணொலித் தொகுப்பு மென்பொருளில் இரண்டு நாள் உட்கார்ந்து தொகுத்தேன். பென்டிரைவை மகளிடம் கொடுத்தபின் அந்தத் தொகுப்பைத் திறந்தால் ஒரு படமும் இல்லை. மடிக்கணினியின் நினைவகம் 8 ஜிபி. மென்பொருளை மாற்ற வேண்டுமா? அடிப்படையை எங்கிருந்து கற்பது?

பதில்: மாற்ற வேண்டாம், உங்கள் இரண்டு நாள் உழைப்பும் வீண்போகவில்லை. ஷாட்கட்டில் நீங்கள் சேமித்த எம்.எல்.டி. கோப்புக்குள் காணொலி எதுவும் கிடையாது. எந்தத் துண்டை எந்த நொடியில் தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும், அதற்கடுத்து எது வர வேண்டும் என்னும் குறிப்புகள் மட்டுமே அதில் உள்ளன. சமையல் குறிப்பு வீட்டில் இருக்கிறது, காய்கறிக் கூடை மகள் வீட்டுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவை மகளிடமிருந்து திரும்ப வாங்கிச் செருகித் திறந்தால் படங்கள் திரும்பிவிடும். காணாமற்போன கோப்புகளின் பட்டியல் அப்போதும் தோன்றினால், அதன் வரிசையை இருமுறை சொடுக்கி, கோப்பு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

மூலப்படத்தில் கை வைக்காமல் குறிப்பை மட்டும் எழுதிக்கொள்ளும் இம்முறையில்தான் பெரும்பாலான தொகுப்பு மென்பொருள்கள் இயங்குகின்றன. ஆகையால் எவ்வளவு தாறுமாறாக வெட்டினாலும் நீங்கள் எடுத்த படம் கெடாது, பயமின்றிப் பழகலாம். அடுத்த முறை மடிக்கணினியிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லாத் துண்டுகளையும் அதில் நகலெடுத்து, எம்.எல்.டி. கோப்பையும் அங்கேயே சேமியுங்கள். அப்படிச் செய்தால் ஃபோல்டரை முழுதாக எங்கு நகர்த்தினாலும் தொடர்பு அறுந்துபோகாது.

ஹெச்.டி. காணொலிக்கு ஷாட்கட் கேட்கும் நினைவகம் 8 ஜிபிதான். அதைவிட நுணுக்கமான 4கே காணொலி என்றால் 16 ஜிபி. கைபேசியில் 4கே எடுத்திருந்தால் செட்டிங்ஸ் பட்டியலில் பிராக்ஸியை, அதாவது மூலப்படத்துக்குப் பதிலாகச் சிறிய நகலைப் பயன்படுத்தும் வசதியை, இயக்குங்கள். தொகுக்கும்போது சிறிய நகல்களும் இறுதியில் மூலப்படங்களும் பயன்படும் என்பதால் தரம் குறையாது. டாவின்சி ரிசால்வ் என்னும் மற்றொரு தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு மிக வல்லமை வாய்ந்தது என்றாலும் உங்கள் கணினிக்கு அது பாரம்.

முதல் வாரத்தில் மூன்று விசைகள் போதும்: துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் கோடு நிற்கும் இடத்தில் துண்டை இரண்டாக்க எஸ், தேர்ந்தெடுத்த துண்டை நீக்கி இடைவெளியையும் மூட எக்ஸ், இடைவெளியை விட்டுவைத்து நீக்க இசட். நிறத்திருத்தம், மாறுகாட்சி வித்தைகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (காவடியாட்டத்தின் நடுவே பக்கத்துக்குப் பக்கம் புரள்வதுபோல் காட்சி மாறுவதை நான் எவ்வளவோ முறை பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.) படத்தின் அளவை முடிவுசெய்யும் வீடியோ மோட் என்னும் அமைப்பு ஆட்டோமேட்டிக் என்றிருந்தால் முதலில் சேர்க்கும் துண்டின் அளவையே மென்பொருள் முழுப்படத்துக்கும் எடுத்துக்கொள்ளும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த துண்டு முதலில் விழுந்தால் படமே நெட்டையாகிவிடும். எனவே படுக்கைவாட்டில் எடுத்ததை முதலில் சேருங்கள். கைபேசிக் காணொலியில் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்னும் கணக்கு, ஏறி இறங்குவது உண்டு. அதனால் மேளச் சத்தம் கைவீச்சுக்கு முன்பின்னாகக் கேட்கலாம். அத்தகைய துண்டைத் திறக்கும்போது, தொகுப்புக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றவா என்று ஷாட்கட் கேட்கும், சம்மதியுங்கள்.

தமிழில் தலைப்பிடும் முன் 'கோவில்', 'போர்ன்' என்று தட்டிப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் இலவச எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்போர்ட் பகுதியில் யூடியூப் என்னும் அமைப்பைத் தேர்ந்து எம்பி4 கோப்பாக வெளியேற்றுங்கள். காட்சிகள் முழுதாக அடங்கியிருப்பது அந்தக் கோப்பில்தான். மகளுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டியதும் அதுவே.